நடுக்கோடு

சிலையென்றால் யாருடைய முகம் என்று
சேவுகன் கேட்டதும்
டீ ஆறிப்போனது.

ஏழு பேர் ஆடுகிற ஆட்டம்.
மேலத்தெருவுக்கு அவர்கள் சித்தப்பா.
பள்ளிவாசல் சந்துக்குக் காஜா மைதீன்,
அவர் கணுக்காலைப் பிடித்தால் பஸ்ஸே நிற்கும் என்பார்கள்.
காலனிக்கு ஜெயசீலி,
மாவட்டக் கோப்பையை மூன்று தரம்
மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வந்தவள்.
ஷார்ஜாவிலிருந்து ஐயாயிரம் அனுப்பியவர்
தன் முழங்காலை மட்டுமாவது செதுக்கச் சொல்லி
படமும் அனுப்பியிருந்தார்.

நான் பொருளாளர்.
கையிருப்பு ரெண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றைம்பது.
முழங்காலுக்கு இதில் வழியில்லை என்றேன்.

கோடு போடலாம் என்றது யாரென்று
கூட்ட நோட்டில் இல்லை.
நாற்பது வருஷமாய்ச் சுண்ணாம்பில் போட்டு
மழையும் பாதமும் அழித்த நடுக்கோடு.
அதைக் கல்லில் போடலாம்,
பஸ் நிற்கிற பொட்டலில்.
ஏறுகிறவனும் இறங்குகிறவனும் மிதித்துப் போகட்டும்.

"இன்னொரு கோடா?" என்றாள் ஜெயசீலி.

பொட்டலுக்கு வடக்கே ஊர், தெற்கே காலனி.
நடுவில் ஒன்றும் வரைந்ததில்லை.
ஆனாலும் அவள் அப்பா
எந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார் என்று
உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.
மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு அவளே சொன்னாள்:
"கெழமேலா வேணாம். தென்வடலாத் திருப்பிப் போடுங்க.
பாதி எங்க பக்கம் கெடக்கட்டும், பாதி ஒங்க பக்கம்."

அளந்தோம்.
டேப்பின் ஒரு நுனி அவள் கையில்,
மறு நுனி சேவுகன் கையில். இழுத்துத்தான் பிடித்தார்கள்.

மேலூர்ப் பக்கத்துக் கல்.
பில்லில் அதன் பெயர் காஷ்மீர் வெள்ளை,
பிறந்தது எங்கள் குன்றில்.
கறுப்பு நரம்பு ஓடுகிறதென்று
கப்பல்வரை போய்த் திரும்பிய கல்.
மூன்று துண்டாய்ப் பத்து மீட்டர்,
இரண்டாவது இணைப்பில் நகம் இடறும்.
பாதி விலைக்குத் தருகிறேன்,
ஓரத்தில் என் பெயரை வெட்டுங்கள் என்றார் குவாரிக்காரர்.
முழு விலை கொடுத்தோம். ரசீது என்னிடம் இருக்கிறது.
யார் பெயரும் வெட்டவில்லை.
ஷார்ஜாக்காரர் இன்னும் கோபத்தில் இருக்கிறார்.

பதினோரு வருஷம் பாலிஷ் பட்டறையில் நின்றவன் நான்.
இதே கல்லின் மாவு நெஞ்சுக்குள் எவ்வளவு என்று
தோப்பூர் ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள்.
அதுவும் வெள்ளைதான்.

கல் பதித்த மூன்றாம் நாள்,
கடைசி பஸ் போன பிறகு,
வேட்டியை மடித்துக் கட்டினேன்.
கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு
பாடிப் போனேன்.
கபடி கபடி கபடி
எதிரே டீக்கடை பெஞ்சும் அதன் நாயும்
கபடி கபடி
மூன்றரை எட்டு.
பாட்டு அறுந்தது.
திரும்பி விழுந்து கையை நீட்டியும்
கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது.

போய் ஓரமாய் உட்கார்ந்தேன்,
செத்தவன் உட்காரும் இடத்தில்.
நம்மாள் எவனாவது எதிரியைத் தொட்டுத் திரும்பினால்
செத்தவன் மண்ணைத் தட்டி எழுந்து
மறுபடி உள்ளே போகலாம்.
வாழ்க்கையில் இதற்கு மனு போட முடியாது.

இணைப்புக்குத் தண்ணீர் விட
வாளியோடு வந்த ஜெயசீலி
எவ்வளவு நேரம் நின்றிருந்தாளோ.
"எத்தன எட்டுண்ணே?"
நாலு என்று சொல்ல வாய் எடுத்தேன்.
"மூணர."
அவள் சிரிக்கவில்லை.
வாளியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.
பிடித்து எழுந்தேன்.

பிறகு அவள் ஊற்றினாள்.
கல்லின் மேல் தண்ணீர் நிற்காமல் ஓடியது,
ஊர்ப் பக்கம் கொஞ்சம், காலனிப் பக்கம் கொஞ்சம்.
இணைப்பு மட்டும்
சத்தம் கேட்கக் குடித்தது.